கண்காட்சி பார்த்தால் மனம் மாறுமா?



கோடை பிறந்தால் எங்கட சனம் குடும்பம் குடும்பமாக நோத்ர் டாம் தீவுக்குப் போவது வழக்கம். பிள்ளைகளுக்குத் தண்ணீர்க்கரை, பெரியவர்களுக்கு மரநிழல், சிலருக்குக் கசினோ. (கசினோவைப் பற்றி இந்த மலரில் நான் எழுதினால் நண்பர்கள் சிலர் கோபிப்பார்கள். விட்டுவிடுவோம்.) அந்தத் தீவிலே வானத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய மரத்தூண் நிற்கிறது. உயரம் ஏறக்குறைய 20 மீற்றர். கீழிருந்து மேல்வரை ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கிய உருவங்கள். எங்கட பெடியள் அதன் கீழே நின்று படம் எடுப்பார்கள். யார் நட்டது, ஏன் நட்டது என்று கேட்டால் தெரியாது. நானும் பல வருடங்கள் கேட்காமல் இருந்தவன்தான்.

இப்போது அதைப்பற்றி எழுதக் காரணம் எமது சங்கக் கூட்டத்தில் நடந்த ஒரு வாக்குவாதம். நாங்கள் ஏன் நாட்டை விட்டு வந்தோம், எப்படி வந்தோம், எதை இழந்தோம் என்று காட்டும் ஒரு கண்காட்சியை இங்குள்ள பிறமக்களுக்காக வைக்கவேண்டும் என்று இளையவர்கள் கேட்டார்கள். ஒருவர் எழும்பி, "படத்தையும் பொருளையும் கண்ணால கண்டால் அவையின்ர மனம் மாறும். எங்களை வேற மாதிரிப் பாப்பினம்" என்றார். இன்னொருவர் விடவில்லை. "ஆர் மாறப்போகினம்? வருவினம், உச்சுக் கொட்டுவினம், ரெண்டு ரோல்ஸ் சாப்பிடுவினம், போவினம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். சிரித்தாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு கண்காட்சியைப் பார்த்துவிட்டுப் போகிறவனுடைய எண்ணம் மாறுகிறதா? எண்ணம் மாறினாலும் நடத்தை மாறுகிறதா? அதை அளப்பது எப்படி?

இதற்கு இந்த மொன்றியல் நகரத்திலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. அந்தத் தூண் அதன் மிச்சம்.

1967 ஆம் ஆண்டு, கனடா என்ற கூட்டாட்சிக்கு நூறு வயது. அந்த வருடம் ஏப்பிறில் இறுதி முதல் ஒக்டோபர் இறுதி வரை மொன்றியலில் உலகக் கண்காட்சி நடந்தது. எக்ஸ்போ 67 என்று இங்குள்ள பழைய ஆட்கள் இன்றும் பெருமையாகச் சொல்லுவார்கள். மெற்றோவுக்குச் சுரங்கம் தோண்டிய கல்லையும் மண்ணையும் ஆற்றில் கொட்டித்தான் அதற்கான இடத்தில் ஒரு பகுதியை உண்டாக்கினார்கள். நோத்ர் டாம் தீவு முழுவதும் மனிதர் செய்த தீவு. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் பங்கு பற்றின. வந்தவர்களின் வரவு 5 கோடிக்கு மேல். அப்போது கனடாவின் சனத்தொகையே 2 கோடி என்பதை நினைவில் வைத்தால் இது எவ்வளவு பெரிய கூட்டம் என்று விளங்கும். நுழைவுச்சீட்டைக் கடவுச்சீட்டு மாதிரியே அச்சிட்டிருந்தார்கள். ஒவ்வொரு மண்டபத்திலும் அதிலே ஒரு முத்திரை குத்துவார்கள். பார்ப்பதைவிட முத்திரை சேர்ப்பதில் ஆர்வமாகத் திரிந்தவர்களும் உண்டு. உண்மையான கடவுச்சீட்டில் ஒரு முத்திரை விழுவதற்குப் பட்ட பாட்டை அறிந்த எங்களுக்கு இதைக் கேட்கச் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும்.

இலங்கையும் சிலோன் என்ற பெயரில் ஒரு மண்டபம் வைத்திருந்தது. தனிச்சிங்களச் சட்டம் வந்து அப்போது 11 வருடம் ஆகியிருந்தது. ஆனால் உலகக் கண்காட்சி மண்டபத்தில் எந்த அரசாங்கம்தான் தன் வீட்டுக் குறையைத் தொங்கவிடும்? விருந்தாளி வரும்போது கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே வைப்பதுதானே உலக வழக்கம்.

கனடாவின் பிரதான மண்டபத்துக்குப் பக்கத்தில் மட்டும் அந்த வழக்கம் உடைந்தது. இந்நாட்டின் ஆதிக்குடிகளுக்கென ஒரு தனி மண்டபம் அங்கே எழுந்தது. (நாங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் செவ்விந்தியர் என்று படித்தோமே, அந்த மக்கள்தான். அந்தச் சொல்லை இனி விட்டுவிடுவது நல்லது. எங்களைப் பற்றிப் பிறர் எழுதிய பெயர்கள் எங்களுக்கு எப்படி இருந்தன என்பதை யோசித்தால் போதும்.) அவர்களின் தோற்கூடாரத்தின் வடிவத்தில், சுமார் 30 மீற்றர் உயரத்துக்கு, இரும்பும் மரமுமாக அது நின்றது. வாசலில் நான் சொன்ன அந்தத் தூண். வன்கூவர் தீவுப் பக்கத்து குவாக்குவாக்காவாக் இனத்தைச் சேர்ந்த ஹென்றி ஹண்ட், அவர் மகன் ரோனி ஹண்ட் ஆகியோர் செதுக்கியது. வெளிச்சுவர்களில் நோர்வல் மொறிசோ, அலெக்ஸ் ஜான்வியே, ஜோர்ஜ் குளூட்டேசி, ரொம் ஹில் போன்ற ஆதிக்குடி ஓவியர்களின் பெரிய ஓவியங்கள். மண்டபத்தின் ஆணையாளராக இருந்தவர் அன்ட்ரூ டிலீல். எங்கள் லசாலுக்கு நேரெதிரே, மேர்சியர் பாலத்துக்கு அப்பால் இருக்கும் கானவாகேயின் மோஹாக் தலைவர். இந்தப் பெயரையும் இந்த ஊரையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் அரசாங்கத்தினுடையது. ஆனால் உள்ளே என்ன சொல்வது என்பதை ஆதிக்குடிப் பிரதிநிதிகள் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். இறகும் மேளமும் நடனமும் எதிர்பார்த்து உள்ளே போனவர்கள் சுவரிலே வாசித்தது வேறு. வெள்ளையர் வந்தபோது அன்போடு வரவேற்றோம், எங்கள் நிலத்தை எடுத்தீர்கள், மொழியையும் சமயத்தையும் எடுத்தீர்கள், ஒப்பந்தங்களை எழுதி மறந்தீர்கள் என்று நேருக்கு நேராக எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு பகுதி. வெள்ளையரின் பள்ளிக்கூடம் எங்கள் பிள்ளைக்கு அந்நிய தேசம், வாசிப்புப் புத்தகத்தில் வரும் டிக், ஜேன் என்ற பிள்ளைகள் அவனுக்கு யாரோ எவரோ என்ற கருத்தில் எழுதியிருந்தார்கள். அந்த விடுதிப் பள்ளிகளுக்காக கனடியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 யூன் மாதத்தில். 41 வருடம் முந்தியே, கோடிக்கணக்கான சனம் வந்துபோன ஒரு தீவிலே, சுவரில் அது எழுதப்பட்டிருந்தது.

எல்லாம் அவர்கள் விருப்பப்படியே நடந்தது என்று நினைக்கவேண்டாம். மொறிசோ வரைந்த ஓவியத்தில் பூமித்தாயிடம் ஒரு பிள்ளையும் கரடிக்குட்டியும் பால் குடிப்பதாக இருந்தது. அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை, மாற்றச் சொன்னார்கள். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மற்றொரு ஓவியரான கார்ல் ரே அதை முடித்தார். அலெக்ஸ் ஜான்வியே தன் ஓவியங்களில் அரசாங்கம் தனக்குத் தந்த ஒப்பந்த இலக்கமான 287 ஐயும் சேர்த்துக் கையெழுத்திடுவார். ஒரு மனிதனை இலக்கமாக்கினால் அந்த இலக்கத்தையே திருப்பி அவர்கள் முகத்துக்கு நேரே பிடிப்பது. அகதிக் கோவை இலக்கத்தோடு வருடக்கணக்காகத் திரிந்தவர்களுக்கு இதன் காரம் விளங்கும்.

இனி, பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்ற விஷயத்துக்கு வருவோம். அந்நேரத்துப் பத்திரிகைகள் இந்த மண்டபத்தைப் பற்றி நிறைய எழுதின. திகைத்தவர்கள் உண்டு, வெட்கப்பட்டவர்கள் உண்டு, நூற்றாண்டு விழா நேரத்தில் இது என்ன மரியாதைக் கேடு என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. இந்த மண்டபம் மனதைத் தொட்டது என்பதில் சந்தேகமில்லை. மனதைத் தொட்டது, சரி. பிறகு?

இரண்டு வருடம் கழித்து, 1969 யூனில், பியர் ட்ரூடோவின் அரசாங்கம் ஒரு வெள்ளை அறிக்கை கொண்டுவந்தது. அமைச்சர் ஜோன் கிறெத்தியன். ஆதிக்குடிகளுக்கென்று தனிச் சட்டநிலை இனித் தேவையில்லை, இந்தியர் சட்டத்தை எடுத்துவிடலாம், எல்லாரும் சமம் என்பது அதன் சாரம். கேட்க நல்லாய்த்தான் இருக்கும். ஒப்பந்த உரிமைகளும் நில உரிமைகளும் அந்தச் சமத்துவத்தோடு கரைந்து போகும் என்பதை அந்த மக்கள் உடனே கண்டுகொண்டார்கள். பெரும்பான்மை இனம் 'எல்லாரும் ஒரே நாட்டு மக்கள்' என்று சொல்லத் தொடங்கினால் எங்களுக்கும் கொஞ்சம் காது கூர்மையாகும். எதிர்ப்புப் பெரிதாகி, அரசாங்கம் அறிக்கையைக் கைவிட வேண்டி வந்தது. கூடாரத்துச் சுவரை வாசித்த நாடு இரண்டே வருடத்தில் அதற்கு நேர்மாறான பாதையில் காலெடுத்து வைத்தது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

அதோடு கதை முடியவில்லை. 1990 ஆம் ஆண்டுக் கோடை.

அந்த வருடம் யூனில் ஊரில் யுத்தம் திரும்பவும் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி முற்றுகை. நாங்கள் தொலைபேசியடியிலும் வானொலியடியிலும் கிடந்தோம். நான் அப்போது லசால் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. யூலை 11 ஆம் திகதி ஓக்காவில், கானசதாகே மோஹாக் மக்களின் பைன் மரக்காட்டுக்குள் பொலிஸ் புகுந்தது. அவர்கள் தங்கள் மூதாதையரைப் புதைத்த நிலம் என்று காத்துவந்த இடத்தை அழித்து, 9 குழிக் கோல்ஃப் மைதானத்தை 18 குழியாக்க நகரசபை திட்டமிட்டிருந்தது. அதற்கு எதிராகத்தான் மறியல். மார்சல் லெமே என்ற பொலிஸ் அலுவலர் சுடப்பட்டு இறந்தார். கானசதாகேக்கு ஆதரவாகக் கானவாகே மக்கள் மேர்சியர் பாலத்தை மறித்தார்கள். பிறகு இராணுவம் வந்தது. எல்லாமாக 78 நாள்.

பாலம் மூடியதால் ஷத்தோகே பக்கத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வருகிறவர்கள் மணிக்கணக்காகச் சுற்றி வரவேண்டி இருந்தது. கோபம் ஏறியது. மோஹாக் உருவப் பொம்மைகளை எரித்தார்கள். ஓகஸ்ட் 28 ஆம் திகதி, இராணுவம் நகர்ந்து வருகிறது என்ற பயத்தில், கானவாகேயிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட கார்களில் பாலத்தால் வெளியேறினார்கள். பாலம் இறங்கும் இடத்தில், லசாலில், கூட்டம் காத்து நின்றது. கல்மாரி. கார்க் கண்ணாடிகள் உடைந்து பிள்ளைகள் மேல் கொட்டின. பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. நெஞ்சிலே கல்பட்ட ஜோ ஆம்ஸ்ரோங் என்ற 71 வயது முதியவர் சில நாளில் மாரடைப்பால் இறந்தார். அபெனாக்கி இனத்தைச் சேர்ந்த திரைப்பட இயக்குநர் அலனிஸ் ஒபொம்சாவின் 2000 ஆம் ஆண்டில் இதைப்பற்றி ஒரு விவரணப் படமே எடுத்திருக்கிறார். பிள்ளைகளோடு இருந்து பார்க்க வேண்டிய படம்.

இங்கே நான் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்தக் கிழமைகளில் எங்கட ஆட்களும் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் "பாலத்தை மறிச்சுப்போட்டாங்கள், வேலைக்கு வரேலாமல் கிடக்கு" என்றுதான் கதைத்தோம். கல்லெறியை ரெலிவிஷனில் பார்த்தபோதுதான் கதை நின்றது. எழுபத்தேழும் எண்பத்து மூன்றும் பார்த்த சனம் நாங்கள். தெருவில் கூட்டம் காரை மறிப்பதும் பொலிஸ் கைகட்டி நிற்பதும் எங்களுக்கு விளக்கம் தேவையில்லாத காட்சிகள். அப்படியிருந்தும் அதுவரை கதைத்தது அப்படித்தான்.

ஆக, 1967 இல் கானவாகேத் தலைவரைப் பொறுப்பாக வைத்து, இந்த நகரத்தில், கூடாரம் போட்டு உண்மையைச் சொன்னார்கள். 23 வருடத்தின் பின், அதே நகரத்தில், அதே கானவாகேயின் கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கல்லெறி. எனவே கண்காட்சியால் பயனில்லை, ரோல்ஸ்காரர் சொன்னதுதான் சரி என்று முடித்துவிடலாமா?

அப்படி முடிப்பது சுலபம், ஆனால் பிழை. கல்லெறிந்தவர்களில் எத்தனை பேர் அந்த மண்டபத்துக்குள் காலடி வைத்தவர்கள்? கனபேர் 1967 இல் பிறந்திருக்கவே மாட்டார்கள். மண்டபத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அன்று மறுபக்கம் நின்று வெட்கப்பட்டார்கள்? கண்காட்சியே இல்லாவிட்டால் இன்னும் அதிகம் கல் விழுந்திருக்குமா? ஒரு நகரத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் காட்டி மறுபாதிக்குக் காட்டாமல் விட்டுப் பார்த்தால்தான் இதற்கு விடை சொல்லலாம். அதேபோல, 2017 இல் மொன்றியல் நகரக் கொடியின் நடுவில் ஆதிக்குடிகளுக்காக வெண்பைன் மரத்தைச் சேர்த்தார்கள். 2019 இல் ஆம்ஹர்ஸ்ட் வீதியின் பெயரை அத்தாத்தெக்கென் என்று மோஹாக் மொழியில் மாற்றினார்கள். இவற்றை அந்தக் கூடாரத்தின் வெற்றி என்று எழுதினால் அதுவும் அதே பிழைதான்.

பார்வையாளரை அளக்கும் வேலை புதிதல்ல. 1916 இல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையைச் சேர்ந்த கில்மன் என்பவர் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்க ஒரு மனிதன் எப்படிக் குனிந்து வளைந்து கழுத்தை முறிக்கிறான் என்று படம் பிடித்துப் போட்டார். நூதனசாலைக் களைப்பு என்ற சொல் அவர் தந்தது. 1920களிலும் 30களிலும் யேல் பல்கலைக்கழக றொபின்சனும் அவரைத் தொடர்ந்து மெல்ற்றனும் கையில் நிறுத்தற்கடிகாரத்தோடு சனத்துக்குப் பின்னால் மெல்ல நடந்து, எந்தப் பொருளுக்கு முன் எத்தனை விநாடி நிற்கிறார்கள் என்று குறித்தார்கள். பெரும்பாலானவர் உள்ளே வந்ததும் வலப்பக்கம் திரும்புகிறார்கள், வெளிவாசல் கண்ணில் பட்டால் அதற்குக் கிட்ட உள்ள பொருளைப் பாராமல் போய்விடுகிறார்கள் என்பவை மெல்ற்றன் கண்டவை. கோயிலில் மூலவரை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றும் நாங்கள் இடப்பக்கம்தான் திரும்புவோம். எங்களுக்கென்று வேறு கணக்கு எடுக்க வேண்டும் போல.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. சென்னை நூதனசாலை 1851 இல் கல்லூரிச் சாலையில் புனித ஜோர்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கி, பிறகு எழும்பூருக்கு மாறியது. உயிரோடு ஒரு புலியையும் சிறுத்தையையும் அங்கே வைத்தபோது சனம் அலைமோதியதைக் கவனித்த எட்வேர்ட் பல்ஃபர் 1855 இல் மிருகக்காட்சிச் சாலையையே தொடங்கினார். சனம் இரண்டுக்கும் பெயர் வைத்தது: பாடம் செய்த விலங்குகள் இருந்தது செத்த காலேஜ், மற்றது உயிர்க் காலேஜ். இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் பார்வையாளர் மதிப்பீட்டு அறிக்கை எழுதியதாக எனக்குத் தெரியாது.

நிற்பதும் நடப்பதும் கணக்கெடுக்கலாம். மனம்? அங்கேதான் சிக்கல். ரொறொன்ரோவில் றோயல் ஒன்ராறியோ நூதனசாலை 1989 நவெம்பரில் ஆபிரிக்காவைப் பற்றி ஒரு கண்காட்சி திறந்தது. பொறுப்பாக இருந்தவர் ஜீன் கன்னிசோ என்ற மானிடவியலாளர். வெள்ளைப் போர்வீரரும் பாதிரிமாரும் ஆபிரிக்கரை எப்படி இழிவாகப் பார்த்தார்கள் என்று கண்டிப்பதுதான் அவருடைய நோக்கம். அதற்காக அந்த இழிசொற்களையே மேற்கோள் குறிக்குள் போட்டுச் சுவரில் மாட்டினார். பெரிய சண்டைப் படத்தையும் வைத்தார். மேற்கோள் குறியை யார் பார்க்கிறான்? நடந்து போகிறவன் கண்ணில் பட்டது குதிரையில் வந்த வெள்ளையன் ஆபிரிக்கனை வாளால் குத்தும் படம். ஏளனமாகச் சொன்னதை உண்மை என்று எடுத்தவர்கள் ஒருபக்கம். தங்கள் பாட்டன் பூட்டனை அவமதிக்கிறார்கள் என்று வாசலில் கூடிய கறுப்பின மக்கள் மறுபக்கம். 1990 முழுக்க ஆர்ப்பாட்டம், நீதிமன்றம் வரை போனது. இந்தக் கண்காட்சியை எடுக்கவிருந்த வேறு நூதனசாலைகள் கைவிட்டன. 2016 நவெம்பரில், 27 வருடம் கழித்து, நூதனசாலை மன்னிப்புக் கேட்டது. வைத்தவர் நினைத்தது ஒன்று, பார்த்தவர் கொண்டுபோனது இன்னொன்று. ஊரில் எரிந்த வீட்டுப் படங்களையும் உடல்களின் படங்களையும் சுவர் முழுக்க ஒட்டவேண்டும் என்கிற எங்கட நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேணும்.

யார் காட்டுகிறார்கள் என்பதும் உண்டு. 2009 க்குப் பிறகு புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவர் பாவித்த நிலக்கீழ் இருப்பிடத்தை இராணுவம் பார்வைக்குத் திறந்துவிட்டது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து பார்த்தது. வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னவர்கள் படையினர். சுற்றிவர வீடிழந்த சனம் தகரக் கொட்டிலில் இருந்தது. அது கண்காட்சிக்குள் அடங்காது. 2013 ஒக்டோபரில் இராணுவமே அந்த இடத்தைத் தகர்த்துவிட்டது.

சரி, ஒழுங்காக அளந்தவர்கள் யாருமே இல்லையா? உண்டு. அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்தில் 2011 நவெம்பரில் கிறிஸ்ரல் பிறிட்ஜஸ் என்ற ஓவிய நூதனசாலை திறந்தது. இலவசமாகப் பிள்ளைகளைக் கூட்டிவர விரும்பிய பள்ளிக்கூடங்கள் இடத்துக்கு மேலாக விண்ணப்பித்தன. அப்போது ஜே கிறீன் என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் ஒரு யோசனை செய்தார்கள். சீட்டுக்குலுக்கி, பாதிப் பள்ளிகளை முதலில் அனுப்பி, மற்றவர்களைப் பிந்தி அனுப்பினார்கள். 123 பள்ளிகள், ஏறக்குறைய 11,000 மாணவர்கள். சுற்றுலா முடிந்து சில கிழமைகள் கழித்து இரண்டு பக்கத்தாரையும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். குலுக்கலில் வந்தபடியால் இரண்டு பக்கமும் மற்றெல்லா வகையிலும் ஒரே மாதிரி. வித்தியாசம் இருந்தால் அது நூதனசாலையால்தான். போய் வந்த பிள்ளைகளிடம் கூர்ந்து பார்க்கும் திறன் கூடியிருந்தது, பழைய காலத்து மனிதர்களின் நிலையை உணரும் தன்மை கூடியிருந்தது, தமக்குப் பிடிக்காத கருத்தைச் சகிக்கும் மனமும் கூடியிருந்தது. ஒரு அரைநாள் பயணத்தால்! நாட்டுப்புறப் பிள்ளைகளிடமும் வறிய பிள்ளைகளிடமும் இந்த மாற்றம் பெரிது.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் நடத்தையை அளந்த விதம். வாயால் சொல்வதை நம்பாமல், இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் குடும்பத்தோடு இலவசமாக வர ஒவ்வொரு சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டிலே இரகசியக் குறி. பிறகு எந்தச் சீட்டுத் திரும்பி வருகிறது என்று எண்ணினார்கள். முன்பு போய் வந்த பிள்ளைகளின் குடும்பங்கள் 18 வீதம் அதிகமாகத் திரும்பி வந்தன. கால் நடந்து வந்து சொன்ன பதில் அது. வெளிவாசல் கொப்பியில் 'மனதை உருக்கியது' என்று எழுதுவதற்கும் இதற்கும் தூரம் அதிகம்.

எண்ணிப் பார்த்தால் 1967 கூடாரத்தில் ஒரு மாற்றம் சந்தேகமில்லாமல் நடந்திருக்கிறது. அது பார்த்தவர்களிடத்தில் அல்ல, செய்தவர்களிடத்தில். நாட்டின் நாலாபக்கமும் தனித்தனியாக வரைந்து கொண்டிருந்த ஆதிக்குடி ஓவியர்கள் முதன்முதலாக ஒரே சுவரைச் சுற்றி நின்றார்கள். 1973 இல் மொறிசோ, ஜான்வியே, கார்ல் ரே ஆகிய மூவரும் டஃப்னி ஒட்ஜிக் முதலிய வேறு நால்வரோடு சேர்ந்து தங்களுக்கென ஓவியர் சங்கம் அமைத்தார்கள். 1969 வெள்ளை அறிக்கை வந்தபோது எதிர்ப்பு நாடு முழுவதும் ஒரே குரலாக எழுந்ததற்கும், அதற்குச் சற்று முன்னே கோத்திரம் கோத்திரமாக இருந்தவர்கள் ஒரு மண்டபத்துக்காக 'நாங்கள் என்ன சொல்லப்போகிறோம்' என்று கூடிக் கதைத்ததற்கும் தொடர்பு இருக்கும் என்றே நான் நினைக்கிறேன். இது என் அபிப்பிராயம். சீட்டுக்குலுக்கி நிரூபிக்க முடியாது.

எமது கண்காட்சிக்கும் இது பொருந்தும். இங்கே பிறந்த பிள்ளைகள் தாத்தாவிடம் போய் "வரேக்கை என்ன கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டு, அவர் அலுமாரியைத் திறந்து ஒரு பழைய அடையாள அட்டையையோ வீட்டுத் திறப்பையோ எடுத்துக் கொடுக்கும் அந்த நேரத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். பார்க்க வருகிறவர் கணக்கு அதற்குப் பிறகு.

அந்தக் கணக்கையும் விடவேண்டாம் என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். வருகிறவர்களில் ஒருவர் விட்டு ஒருவருக்கு உள்ளே போகமுன் மூன்று கேள்வி, மற்றவருக்கு வெளியே வரும்போது அதே மூன்று கேள்வி. அகதி என்றால் உங்கள் மனதில் வருவது என்ன, உங்கள் மாடிவீட்டில் அகதிக் குடும்பத்துக்கு வாடகைக்கு இடம் கொடுப்பீர்களா, உங்கள் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பெயர் தெரியுமா என்று. போகும்போது எல்லாருக்கும் குறியிட்ட ஒரு சீட்டு. அடுத்த தைப்பொங்கலுக்குச் சங்க மண்டபத்துக்கு அதைக் கொண்டு வந்தால் எங்களோடு இருந்து சாப்பிடலாம். எத்தனை சீட்டுத் திரும்பி வருகிறது என்று அன்று பார்ப்போம்.

முதல் அழைப்பிதழ் மேர்சியர் பாலத்துக்கு அப்பால் கானவாகேக்குப் போகவேண்டும் என்று கேட்டேன். அதை ஒருவரும் மறுக்கவில்லை. ரோல்ஸ் பொறுப்பை அந்த நண்பரே ஏற்றுக்கொண்டார்.